காறை எலும்பு

அத்தியாயம் 17

ஒரு வாரமாக அந்த வீட்டில் தூசுக்கு ராஜமரியாதை.

தங்கச் சுரங்க ஊரான ஊரிகத்தில் தூசு என்றால் வீடு கூட்டும்போது பறப்பது இல்லை. சுரங்கத்துக்குள் பாறையைத் துளைத்தவர்களின் நெஞ்சில் போய்ப் படிந்து, போகப் போக மூச்சை இறுக்கிக் கொல்கிற கல் தூசு. அதைத் திட்டாத வாய் சுரங்கத் தொழிலாளர்களின் அந்த லைன் வீடுகளில் கிடையாது. சுரங்கத்தை மூடி இத்தனை வருஷம் ஆகியும் அந்தத் திட்டு ஓயவில்லை. அப்பேர்ப்பட்ட தூசு போன வாரம் ஒரு மனுஷனுக்கு நல்லது செய்துவிட்டது. அந்த மனுஷன் ஏனோக், டாக்டர் ஸ்வீட்டியின் அப்பா.

ஸ்வீட்டி என்று பெயரை வைத்துக்கொண்டு அறுவை சிகிச்சை நிபுணர் ஆவது லேசான காரியம் இல்லை. பெங்களூரில் அவள் அறைக்கு வெளியே பெயர்ப் பலகையைப் பார்ப்பவர்கள், இது பிள்ளைகளுக்குப் பல் பார்க்கும் இடமோ என்று ஒரு கணம் தயங்குவார்கள். உள்ளே வந்ததும் தயக்கம் போய்ப் பயம் மட்டும் மிஞ்சும். அவள் வைத்தியம் பார்க்கும் கணையப் புற்று அப்படி. இரைப்பைக்குப் பின்னால் ஒளிந்து வளர்ந்து, வெளியே தெரியும்போது பெரும்பாலும் கத்திக்கு எட்டாத இடத்துக்குப் போயிருக்கும்.

ஒரே நோய், ஒரே மருந்து, ஆனால் ஒருவர் எழுந்து நடக்கிறார், இன்னொருவர் போய்ச் சேருகிறார். இது ஏன் என்ற கேள்விதான் ஸ்வீட்டியை ஆபரேஷன் அறையோடு நிற்கவிடாமல் ஆராய்ச்சிக் கூடத்துக்கும் இழுத்துக்கொண்டு போனது. நோயாளியின் கட்டியிலிருந்து ஊசியால் துளி சதையை எடுத்து அதை உயிரோடு வளர்ப்பாள். கடுகை விடச் சின்ன உருண்டைகளாக அது பெருகும். அந்த உருண்டைகளின் மேல் மருந்துகளை ஒவ்வொன்றாக விட்டுப் பார்ப்பாள். எது அவற்றைக் கொல்கிறதோ அதுதான் அந்த ஆளுக்கு. பக்கத்துப் படுக்கைக்காரருக்கு அது உதவாது. அவரவர் கட்டிக்கு அவரவர் மருந்து என்பதை நோயாளிகளிடம் அவள் வேதவாக்கியம் மாதிரிச் சொல்லுவாள்.

ஏனோக்குக்கும் அதே நோய், அதே வழிதான். எல்லோருக்கும் முதலில் ஏற்றும் மருந்துக்கு அவருடைய உருண்டைகள் அசைந்து கொடுக்கவில்லை. வேறொரு கலவைக்குச் சுருண்டு விழுந்தன. அதையே அவருக்கு ஏற்றினார்கள். ரத்தக்குழாயைக் கட்டிப் பிடித்துக்கொண்டிருந்த கட்டி, சில மாதங்களில் சுருங்கிப் பிடியை விட்டது. “உன் ஆபீஸ்ல வளர்ற என் பசங்க சௌக்கியமா?” என்று அவர் போனில் கேட்பதும், பசங்க செத்துப்போனார்கள் என்று அவள் சொல்வதும், இரண்டு பேரும் சிரிப்பதும் சில வாரங்களுக்கு முன் நடந்தது.

சொந்த ரத்தத்தின் மேல் கத்தி வைப்பதில்லை என்பது அவர்கள் தொழிலின் வழக்கம். அறுக்கப் போவது அவளுடைய சீனியர் டாக்டர் வாசு. திங்கட்கிழமை காலை என்று முடிவாகி, கடைசியாக, முதல்முறை நெஞ்சையும் சேர்த்து எடுத்த ஸ்கேனில் ஒரு இடி. நுரையீரலில் பொடிப் பொடியாகப் புள்ளிகள். புற்று நெஞ்சுக்குப் போய்விட்டதென்றால் வயிற்றை அறுப்பதில் பிரயோஜனம் இல்லை, வலியைத்தான் கூட்டும். ஊசி விட்டு எடுத்துப் பார்க்கலாம் என்றால் ஊசிக்கு அகப்படாத பொடி. கூடிப் பேசிய டாக்டர்களில் பாதிப் பேர் வேண்டாம் என்றார்கள்.

அப்போதுதான் ஸ்வீட்டிக்கு அம்மா நேசமணியின் இரும்புப் பெட்டி ஞாபகம் வந்தது. சுரங்கத்தில் இறங்குகிறவர்களுக்கு அந்தக் காலத்தில் நெஞ்சை எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பார்கள். தூசு விழுந்த ஆளைக் கீழே அனுப்பாமல் மேல் வேலைக்கு மாற்றுவார்கள். ஏனோக்கை அப்படி மேலே கொண்டுவந்த ஃபிலிம் பெட்டிக்குள் புடவைகளுக்கு அடியில் கிடந்தது. தினமும் ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குப் போகும் தம்பி ஸ்டீவன் அதை மறுநாளே கொண்டுவந்து கொடுத்தான். வாசு வெளிச்சப் பலகையில் மாட்டிப் பார்த்தார். அதே மாதிரிப் புள்ளிகள், அதே மேல் பகுதியில், முப்பது வருஷத்துக்கு முன்பே. இது புற்று இல்லை, சுரங்கத் தூசு, அறுக்கலாம் என்று சொல்லிவிட்டார்.

தூசுக்கு ராஜமரியாதை வந்த கதை இதுதான்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆராதனையில் பாஸ்டர் இதைப் பிரசங்க பீடத்திலிருந்தே சொன்னார். நம் தகப்பன்மார்களை வாதித்த தூசையே கர்த்தர் நம் ஏனோக் ஐயாவுக்கு இரக்கத்தின் அடையாளமாக மாற்றினார், அவருடைய பழைய எக்ஸ்ரேவைக் கொண்டே டாக்டர்களின் கண்களைத் திறந்தார் என்றார். சாயங்காலம் ஆறு மணிக்கு ஐயா வீட்டில் ஸ்தோத்திரக் கூட்டம், ஐயாவே எழுந்து சாட்சி சொல்லுவார், எல்லோரும் வாருங்கள் என்றும் அழைத்தார். நேசமணி கண்ணை மூடி நன்றி சொல்ல ஆரம்பித்தாள். அவள் ஆரம்பித்தால் ஆண்டவருக்கே மூச்சு வாங்கும்.

ஸ்வீட்டி தற்செயலாக அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். அவர் கையில் இருந்த பாட்டுப் புத்தகம் நழுவிப் பெஞ்சில் விழுந்தது. மருந்து ஏற்றியதிலிருந்து அவருக்கு விரல் நுனிகள் மரத்துப்போயிருந்தன, பிடிமானம் இல்லை. அதனால்தான் என்று அவள் நினைத்துக்கொண்டு புத்தகத்தை எடுத்துக் கொடுத்தாள். அவர் அதை வாங்கிக்கொள்ளவில்லை.

ஆராதனை முடிந்து வாசலில் ஆளாளுக்கு வந்து கையைக் குலுக்கினார்கள். கடைசியாக ஃப்ளோரா வந்தாள். ஏனோக்கோடு சுரங்கத்தில் ஜோடியாக வேலை பார்த்த ஃப்ரெடியின் மனைவி. ஃப்ரெடி போய் இருபது வருஷம் ஆகிறது. இருமி இருமிச் செத்தான். குடித்துத்தான் ஈரலும் நெஞ்சும் கெட்டது என்று லைன் முழுக்கப் பேசினார்கள். ஃப்ளோரா ஒருத்திதான் இல்லை இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தாள். சொல்லிச் சொல்லி ஒரு கட்டத்தில் நிறுத்திவிட்டாள்.

“உங்களுக்காவது தூசு நல்லது பண்ணுச்சே அண்ணா” என்றாள் ஃப்ளோரா. “எங்க வூட்டுக்காரருக்குத் தூசே இல்லன்னுட்டாங்க.”

அவள் குத்திக்காட்டவில்லை, மனசாரத்தான் சொன்னாள். சாயங்காலம் பிரியாணிக்கு வெங்காயப் பச்சடி தன் பொறுப்பு என்றும் நேசமணியிடம் சொல்லிவிட்டுப் போனாள். ஏனோக் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார். செருப்பு காலில்தான் இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் நேசமணி அடுப்படியைப் பிடித்துக்கொண்டாள். கூட்டம் முடிந்த கையோடு காரில் பெங்களூர், இரவே ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும். ஸ்வீட்டி அப்பாவின் சட்டைப் பொத்தான்களைக் கழற்றிவிட்டாள். அவர் சின்னப் பிள்ளை மாதிரிக் கழுத்தை நிமிர்த்திக்கொண்டு நின்றார். உடம்பில் சதை வற்றி எலும்பெல்லாம் மேலே வந்திருந்தது. கழுத்துக்குக் கீழே இடது காறை எலும்பின் நடுவே ஒரு முண்டு. அவள் பிறந்த வருஷம் சுரங்கத்துக்குள் பாறை வெடித்துச் சரிந்ததில் அந்த எலும்பு முறிந்து, ஏறுமாறாக ஒட்டிக்கொண்டதாம். சின்ன வயதில் அப்பா தோளில் உட்கார்ந்து போகும்போது அவள் கைக்குப் பிடிமானம் அந்த முண்டுதான். இப்போது அது இன்னும் பெரிதாகத் தெரிந்தது. துவைத்த சட்டை ஒன்றைப் போட்டுவிட்டு வெளியே வந்தாள்.

ஸ்டீவன் ஃபிலிம் உறையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். போகவும் வரவும் மூட்டை தூக்கியது நான், உள்ளே என்ன இருக்கிறது என்று யாரும் காட்டவில்லையே அக்கா என்று குறைப்பட்டுக்கொண்டான். வீட்டில் பல மாதத்துக்குப் பிறகு எல்லோரும் சிரித்த முகமாக இருந்த நாள். ஸ்வீட்டி ஃபிலிமை உருவி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள்.

மூலையில் அப்பாவின் டோக்கன் நம்பரும் தேதியும் வெள்ளையாக விழுந்திருந்தன. டோக்கன் என்பது சுரங்கத்தில் ஒவ்வொருவருக்கும் கொடுத்திருந்த பித்தளை வில்லை. கீழே இறங்கவும் மேலே ஏறவும் எக்ஸ்ரேவுக்கு நிற்கவும் அந்த வில்லைதான் ஆள். அப்பா நம்பர் வீட்டில் எல்லோருக்கும் மனப்பாடம். ஸ்வீட்டி விரலால் தம்பிக்குக் காட்டினாள். இதோ விலா எலும்பு, இது இருதயம், இந்த மேல் பகுதியில் மாவு தெளித்த மாதிரித் தெரிகிறதே, அதுதான் தூசு.

விரல் மேல் பகுதியைத் தாண்டி இன்னும் கொஞ்சம் மேலே போனது. அங்கே நின்றுவிட்டது.

இரண்டு பக்கமும் காறை எலும்புகள் சீராக இருந்தன. முறிந்த தடம் இல்லை. ஒட்டிய முண்டு இல்லை. ஃபிலிமைத் திருப்பிப் பிடித்தாள். அப்போதும் இரண்டும் நேராகவே இருந்தன. தேதியைப் பார்த்தாள். அவளுக்கு ஒன்பது வயது ஆன வருஷம். எலும்பு முறிந்தது அதற்கு வெகு முன்னால்.

நாலு டாக்டர்கள் பார்த்தோமே என்று நினைத்தாள். நாலு பேரும் நுரையீரலைத்தான் பார்த்தோம். புள்ளி இருக்கிறதா என்று தேடினோம், புள்ளி கிடைத்தது, சந்தோஷத்தில் மற்றதை விட்டுவிட்டோம். மற்ற மூன்று பேரையாவது மன்னிக்கலாம். அந்த முண்டைப் பிடித்துக்கொண்டு வளர்ந்தவள் நான்.

தூசு நிறைய இருக்கிறதா அக்கா என்று ஸ்டீவன் கேட்டான். நிறைய இருக்கிறது என்று சொல்லிவிட்டு அவள் பின்வாசலுக்குப் போனாள்.

ஏனோக் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து தங்கம் பிரித்த கழிவு மண் குவிந்து கிடந்த தூரத்துச் சயனைட் மேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஸ்வீட்டி ஃபிலிமை அவர் மடியில் வைத்தாள். அவர் குனிந்து பார்க்கவில்லை.

“எத வெச்சிக் கண்டுபுடிச்ச?”

“எலும்ப வெச்சி.”

அவர் கை தானாக இடது தோளுக்குப் போனது. மரத்த விரல்களுக்கு அந்த முண்டு தெரிந்திருக்காது. தடவிக்கொண்டே இருந்தார்.

“இது யார் நெஞ்சு டாடி?”

“ஃப்ரெடி” என்றார் ஏனோக்.

பிறகு சொன்னார். பாறை சரிந்து எலும்பு முறிந்தபோது கூட அவர் பயப்படவில்லை. ஆறிப்போய்த் திரும்ப வேலைக்கு இறங்கியபோதும் பயம் இல்லை. பல வருஷம் கழித்து ஒரு நாள் காலை ஷிஃப்டுக்கு, ஆட்களைக் கீழே இறக்கும் கேஜில் ஏறினார், கதவைச் சாத்தினார்கள், கால் நடுங்கத் தொடங்கியது. அன்றிலிருந்து தினமும் நடுங்கியது. கேஜ் கீழே விழுகிற மாதிரி இறங்கும்போது வாய்க்குள் துணியை வைத்துக் கடித்துக்கொள்வார். பக்கத்தில் நின்ற ஃப்ரெடிக்கு மட்டும் அது தெரியும்.

“தூசுன்னா மரியாதையா மேல ஏத்துவாங்க” என்றார். “பயம்னா இன்னா பண்ணுவாங்க? சிரிப்பாங்க. எங்கப்பன் கீழ செத்தவன். அவன் புள்ள நான், பயமா கீதுன்னு யார்கிட்டப் போய் சொல்றது?”

வழி சொன்னது ஃப்ரெடிதான். ஃப்ரெடிக்கு அப்போதே இருமல். எக்ஸ்ரே எடுத்தால் மேலே தூக்கிப் போட்டுவிடுவார்கள், கீழே இருந்தால் கிடைக்கும் சம்பளம் போய்விடும் என்று அவனுக்குக் கவலை. எக்ஸ்ரே அறை இருட்டு. முகத்தைப் பார்க்க மாட்டார்கள், டோக்கனைப் பார்த்துத்தான் கூப்பிடுவார்கள். வரிசையில் நிற்கும்போது ஃப்ரெடி சிரித்துக்கொண்டே தன் டோக்கனை இவர் கையில் திணித்துவிட்டு இவருடையதைப் பிடுங்கிக்கொண்டான். சட்டையைக் கழற்றிவிட்டு ஆளுக்கொரு முறை பலகையில் நெஞ்சை வைத்து நின்றார்கள். அவ்வளவுதான் வேலை.

“அவன் நெஞ்சு என் பேர்ல வந்துச்சு. என் நெஞ்சு அவன் பேர்ல போச்சு. என்ன மேல தூக்கிட்டாங்க. அவன் கீழயே இருந்தான். இருமல் முத்துனப்புறம் தூசுன்னு சொன்னான், யாரும் நம்பல. உன் நெஞ்சு சுத்தம்னு எழுதி கீதேன்னுட்டாங்க. அப்புறம்தான் குடிச்சான் பாப்பா. அதுக்கு முன்ன அவன் குடிக்கல.”

ஸ்வீட்டிக்குக் கோபம் வந்தது. இதை ஏன் போன வாரமே சொல்லவில்லை என்று கேட்டாள். புள்ளி தூசுதான் என்று மட்டும் சொன்னீர்கள், பழைய ஃபிலிமைக் காட்டினீர்கள் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை, இன்று காலை பாஸ்டர் வாயிலிருந்துதான் கேட்டேன் என்றார். அது உண்மை. பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்தது அம்மா, தூக்கி வந்தது தம்பி, மாட்டிக் காட்டியது இவள். நெஞ்சுக்குச் சொந்தக்காரரை மட்டும் ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அவள் சுவரில் சாய்ந்து நின்றாள். சொல்லாமல் இருந்துவிட்டால் நாளைக் காலை வாசு அறுத்துவிடுவார். அந்தப் புள்ளிகள் உண்மையிலேயே தூசாகவும் இருக்கலாம். பதினைந்து வருஷத்துக்கு மேல் கீழே இறங்கிய நெஞ்சுதானே அதுவும். தூசாக இருந்தால் அப்பா பிழைக்க ஆபரேஷன்தான் ஒரே வழி. புற்றாக இருந்தால், அதே ஆபரேஷன் உடம்பைப் பிளந்து, மீதி இருக்கும் நாட்களையும் ஆஸ்பத்திரிக் கட்டிலிலேயே கரைத்துவிடும். நெஞ்சு மாறியது தெரிந்தது அவளுக்கும் அப்பாவுக்கும் மட்டும்தான். மகளாக நின்று பார்த்தால் வாயை மூடிக்கொள்ளத்தான் தோன்றியது. அதை அவள் தனக்குத்தானே மறைத்துக்கொள்ளவில்லை.

அவரவர் கட்டிக்கு அவரவர் மருந்து என்று ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டு, சொந்த அப்பனுக்கு அடுத்தவன் நெஞ்சைக் காட்டி ஆபரேஷன் வாங்கியிருக்கிறேன் என்று நினைத்தாள். போனை எடுத்து வாசுவைக் கூப்பிட்டாள்.

வாசு அதிர்ந்து பேசுகிற ஆள் இல்லை. கடைசி வரை கேட்டார். பிறகு, அப்பாவின் சொந்த நெஞ்சைக் காட்டும் பழைய படம் எதுவாவது உண்டா என்று கேட்டார். அன்று சுத்தம் என்று எழுதியிருந்தாலும் கவலை இல்லை, மெல்லிய புள்ளிகள் அன்றைய கண்ணுக்குத் தப்பியிருக்கலாம், இருந்தால் அதை வைத்து முடிவெடுக்கலாம் என்றார். இல்லையென்றால் நாளை ஆபரேஷன் கிடையாது. மறுபடி மருந்தை ஏற்றிவிட்டு, புள்ளிகள் வளர்கின்றனவா என்று சில மாதம் பார்க்க வேண்டியதுதான். சில மாதம் என்றால் கணையத்தில் என்ன அர்த்தம் என்று இரண்டு பேருக்கும் தெரியும். அந்த மருந்தை இனிமேல் ஏனோக்கின் உடம்பு எவ்வளவு தாங்கும் என்பதும் தெரியும். இன்று இரவுக்குள் சொல் என்று வாசு போனை வைத்தார்.

ஸ்வீட்டி அப்பாவின் முன்னால் வந்து குந்தி உட்கார்ந்தாள்.

“உங்க நெஞ்சு எங்க கீது டாடி?”

இந்த மாதிரிப் பேச்சு அவள் வாயில் பெங்களூரில் வராது. ஏனோக் அவளைப் பார்த்தார். பிறகு முகவாயை மட்டும் அசைத்து லைனின் கடைசி வீட்டைக் காட்டினார்.

நான் மட்டும் போய் ஏதாவது சொல்லி வாங்கி வருகிறேன் என்று அவள் சொன்னாள். அந்த வீட்டில் இனிமேல் பொய் சொல்லக் கூடாது என்று அவர் எழுந்துகொண்டார். ஐந்தாறு வீடு தள்ளிப் போவதற்குள் மூன்று இடத்தில் நின்று மூச்சு வாங்கினார். வழியில் இருந்தவர்கள் ஆறு மணிக்கு வந்துவிடுகிறோம் என்றார்கள். அவர் எல்லோருக்கும் தலையை ஆட்டினார்.

ஃப்ளோரா அடுப்படியில் தரையில் உட்கார்ந்து வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். கூட்டத்துக்காகக் கூடை நிறைய. இந்த உடம்போடு ஏன் அண்ணா நடந்து வந்தீர்கள் என்று பதறி, மோடாவை இழுத்துப் போட்டாள். ஸ்வீட்டி நின்றபடி எப்படி ஆரம்பிப்பது என்று யோசித்தாள். யோசித்துக்கொண்டே நிமிர்ந்தவள் அப்படியே நின்றாள்.

மேலே காற்றுக்கு வைத்திருந்த ஜன்னலில் ஒரு கண்ணாடி உடைந்திருந்தது. அந்த இடத்தில் ஒரு எக்ஸ்ரே ஃபிலிமை வைத்துச் சுற்றிலும் பசைத்தாள் ஒட்டியிருந்தது. பின்னால் மேற்கு வெயில். விலா எலும்புகள், இருதயம், அதற்கு மேலே ஒரு காறை எலும்பு நேராகவும் மற்றொன்று நடுவில் முண்டோடும் தெரிந்தன. இடமா வலமா என்று பார்க்கவே தேவை இல்லை. அவள் அப்பா அந்த அடுப்படி ஜன்னலில் இத்தனை வருஷமாக வெளிச்சம் மறைத்துக்கொண்டு நின்றிருக்கிறார்.

மேல் பகுதியைக் கண்ணை இடுக்கிப் பார்த்தாள். ஏதோ பொடியாகத் தெரிந்தது. தூசுப் புள்ளியா, அடுப்புப் புகை படிந்ததா என்று கீழே நின்று சொல்ல முடியவில்லை. எடுத்துத் துடைத்துப் பலகையில் வைத்துப் பார்த்தால் சொல்லிவிடலாம்.

அவள் பார்வை போன இடத்தை ஃப்ளோராவும் பார்த்தாள்.

“கண்ணாடி ஒடஞ்சிப்போச்சு பாப்பா. இத தூக்கிப் போட மனசு வரல. சுத்தமான நெஞ்சுன்னு சொன்னாங்களே, அதையாவது தெனம் பாத்துகினு இருக்கலாம்னு ஒட்டி வெச்சேன். சோறாக்கசொல்ல அவரு பக்கத்துல கீற மாதிரி இருக்கும்.”

ஏனோக் மோடாவில் உட்காரவில்லை.

“அது ஃப்ரெடி இல்ல ஃப்ளோரா” என்றார். “அது நான்.”

இருட்டறையையும் டோக்கனையும் அவளுக்குச் சொன்னார். மகளிடம் சொன்னதைவிடச் சுருக்கமாகச் சொன்னார், ஆனால் கால் நடுங்கியதை விடாமல் சொன்னார். ஃப்ளோரா கையில் எடுத்த வெங்காயத்தைப் பாதியில் வைக்காமல் கடைசி வரை நறுக்கி முடித்தாள்.

“அப்போ அவரு குடிச்சி சாவல.”

“இல்ல.”

“தூசுதான்.”

“தூசுதான் ஃப்ளோரா.”

அவள் கண்ணிலிருந்து தண்ணீர் வந்துகொண்டிருந்தது. நறுக்கும்போதிலிருந்தே வந்துகொண்டுதான் இருந்தது. முந்தானையால் துடைத்தாள். ஸ்வீட்டி அவள் பக்கத்தில் உட்கார்ந்து, அந்தப் படம் எதற்கு வேண்டும், இன்று இரவுக்குள் ஏன் வேண்டும், கிடைக்காவிட்டால் அப்பாவுக்கு என்ன ஆகும் என்று ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள். சொல்லிவிட்டு, இப்போது எடுத்துக்கொள்ளட்டுமா ஆன்ட்டி என்று கேட்டபடி மூலையில் இருந்த ஸ்டூலை ஜன்னலுக்குக் கீழே நகர்த்தினாள்.

“கை வெக்காத பாப்பா” என்றாள் ஃப்ளோரா.

சத்தம் போட்டுச் சொல்லவில்லை. ஆனால் ஸ்வீட்டி ஸ்டூலிலிருந்து காலை எடுத்துவிட்டாள்.

ஃப்ளோரா எழுந்தாள். வெங்காயத்தைப் பெரிய குண்டானில் கொட்டினாள், தயிரை ஊற்றினாள், உப்பைப் போட்டுக் கையாலேயே பிசைந்தாள். ஒரு துளியை நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு இன்னும் கொஞ்சம் உப்புப் போட்டாள். அதற்குப் பிறகுதான் ஏனோக்கின் பக்கம் திரும்பினாள்.

“உங்கள சாவ வுடணும்னு எனக்கு ஆசை இல்லண்ணா. ஆறு மணிக்கு இந்தப் பச்சடிய எடுத்துகினு உங்க வூட்டுக்குத்தான் வரேன். குடிகாரன்னு சொன்னவங்க அத்தினி பேரும் அங்க இருப்பாங்க. நீங்க சாட்சி சொல்லப் போறீங்கன்னு பாஸ்டர் சொன்னாரு. எழுந்து நின்னு எங்க வூட்டுக்காரரு எப்பிடி செத்தாருன்னு சொல்லுங்க. ஏன் செத்தாருன்னும் சொல்லுங்க.” ஜன்னலை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தாள். “அப்புறம் வந்து உங்க நெஞ்ச நீங்க எடுத்துகினு போங்க.”

ஸ்வீட்டி அப்பாவைப் பார்த்தாள். கேஜுக்குள் நின்ற ஏனோக்கை அவள் பார்த்ததில்லை. இப்போது பார்த்தாள். வேட்டிக்குக் கீழே அவர் கால்கள் நடுங்கிக்கொண்டிருந்தன. வாயில் கடித்துக்கொள்ளத் துணி இல்லை. நடந்து வந்ததில் அவிழ்ந்துபோன கழுத்துப் பொத்தானைப் போட அவர் விரல்கள் திரும்பத் திரும்பத் தடவின. முண்டு வெளியே தெரிந்தபடியே இருந்தது. உதவிக்குப் போக அவளுக்குக் கை வரவில்லை.

வெளியே தெருவில் ஸ்டீவன் வாடகை நாற்காலிகளை இறக்கி வரிசையாகப் போட ஆரம்பித்திருந்தான். ஜனம் நிறைய வரும், இன்னும் இரண்டு வரிசை போடு என்று நேசமணி வாசலிலிருந்து சொல்வது அந்த அடுப்படி வரைக்கும் கேட்டது.